ஆய்வகத்துக்கும் ஒரு பாலாலயம்

தொப்புளைச் சுற்றிப் பதினான்கு ஊசி என்றால் இன்றைய இளைஞர்களுக்கு விளங்காது. நாற்பதைக் கடந்தவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. என் ஒன்பதாவது வயதில் தெருநாய் ஒன்று கெண்டைக்காலைக் கவ்விவிட, தாத்தாவின் மிதிவண்டியின் பின்னால் அமர்ந்து நாள்தோறும் அரசு மருத்துவமனைக்குச் சென்று அந்த ஊசிகளைப் போட்டுக்கொண்டவன் நான். வலியைக் காட்டிலும் தெளிவாக நினைவில் நிற்பது, மருந்தாளுநர் குப்பியைப் பெட்டியிலிருந்து எடுக்கும்போது சொன்ன இரண்டு சொற்கள்: "குன்னூர் மருந்து." எங்கோ மலைமேல், மேகத்துக்கு நடுவே இருக்கும் ஓர் ஊரில் யாரோ எனக்காக மருந்து காய்ச்சுகிறார்கள் என்று அப்போது எண்ணிக்கொண்டேன்.

பின்னாளில் கட்டடப் பொறியாளனாகி, அரசுக் கட்டடங்களோடு முப்பது ஆண்டுகளுக்கு மேல் மல்லுக்கட்டி ஓய்வுபெற்ற பிறகும், குன்னூர் சிம்ஸ் பூங்கா வழியே போகும்போதெல்லாம் பாஸ்டர் நிறுவனத்தின் வாயிலில் சற்று நின்று பார்ப்பது என் வழக்கம். நன்றிக்கடன் பாதி, தொழில் புத்தி பாதி. பழைய ஆய்வகக் கட்டடம் ஒன்றை எப்படி விரிவுபடுத்துவது, எப்படிப் புதுப்பிப்பது என்ற கேள்விக்கு நம் நாட்டில் அதைவிடச் சிறந்த பாடம், அதைவிட விலை அதிகமான பாடம், வேறெங்கும் இல்லை என்பது என் கருத்து.

அந்தப் பாடத்தின் முக்கிய நிகழ்வு 2008 ஜனவரியில் நடந்தது. குன்னூர் பாஸ்டர் நிறுவனம், இமாசலப் பிரதேசத்தின் கசௌலியில் உள்ள மத்திய ஆராய்ச்சி நிறுவனம், சென்னை கிண்டியில் உள்ள பிசிஜி தடுப்பூசி ஆய்வகம் ஆகிய மூன்று பொதுத்துறை நிறுவனங்களின் தடுப்பூசி உற்பத்தி உரிமங்கள் ஒரே வீச்சில் நிறுத்திவைக்கப்பட்டன. சிறந்த உற்பத்தி நடைமுறைகளை இவை பின்பற்றவில்லை, கட்டடங்களும் வசதிகளும் இக்காலத் தரத்துக்கு ஏற்றவையாக இல்லை என்பது காரணம். குன்னூர் 1907-இல் தொடங்கியது, கசௌலி 1905-இல், கிண்டி ஆய்வகம் 1948-இல். ஆண்டுதோறும் பிறக்கும் இரண்டரைக் கோடிக்கும் மேற்பட்ட குழந்தைகளுக்கு அரசு இலவசமாகப் போடும் முத்தடுப்பு ஊசியிலும் காசநோய்த் தடுப்பூசியிலும் பெரும்பங்கை அதுவரை வழங்கிவந்தவை இந்த மூன்று நிறுவனங்கள்தாம்.

அடுத்து நடந்தது பலருக்கும் நினைவிருக்கலாம். தட்டுப்பாடு பற்றிய செய்திகள் வந்தன. நாடாளுமன்றத்தில் கேள்விகள் எழுந்தன. உச்ச நீதிமன்றத்தில் பொதுநல வழக்குத் தொடரப்பட்டது. முன்னாள் சுகாதாரத் துறைச் செயலர் ஜாவித் சவுத்ரி தலைமையில் குழு அமைக்கப்பட்டது. இறுதியில் 2010 பிப்ரவரியில், பொதுநலன் கருதி, ஏற்கெனவே உள்ள வசதிகளிலேயே உற்பத்தியை மீண்டும் தொடங்கலாம் என்று உரிமங்கள் திருப்பி அளிக்கப்பட்டன. புதிய கட்டடம் எதுவும் அதற்குள் எழுந்திருக்கவில்லை. எந்தச் சுவர்கள் தகுதியற்றவை என்று பூட்டப்பட்டனவோ, அதே சுவர்களுக்குள் இரண்டு ஆண்டுகள் கழித்துப் பணி தொடங்கலாம் என்று சொல்லப்பட்டது. இடைப்பட்ட இரண்டு ஆண்டுகளில் அந்தக் கட்டடங்களுக்கு வயது கூடியது. பயிற்சி பெற்ற கைகள் பல ஓய்வுபெற்றுப் போயின.

ஆய்வு செய்தவர்கள் தவறாகச் சொன்னார்களா? இல்லை. பொதுத்துறை என்பதாலேயே தரத்தில் சலுகை வேண்டும் என்று கேட்பவன் அல்லன் நான். உள்ளே போகும் ஊசி குழந்தையின் உடம்பில் இறங்குவது. தடுப்பூசி ஆய்வகத்தில் கட்டடம் என்பது மழைக்கும் வெயிலுக்கும் மேலே போட்ட கூரையன்று. அதுவே ஒரு கருவி. நுண்ணோக்கியின் கண்ணாடி பழுதானால் எப்படியோ, அப்படித்தான் சுவரில் விரிசல் கண்டாலும்.

இதைச் சற்று விரித்துச் சொல்ல வேண்டும். கிருமி நீக்கிய அறையில் காற்றழுத்தம் வெளியே இருப்பதைவிடச் சிறிது கூடுதலாக இருக்க வேண்டும். கதவைத் திறந்தால் காற்று உள்ளிருந்து வெளியே தள்ளுமே தவிர, வெளியிலிருந்து தூசியைக் கொண்டுவரக் கூடாது. அடுத்தடுத்த தூய்மைப் படிநிலை கொண்ட அறைகளுக்கு இடையே 10 முதல் 15 பாஸ்கல் வரை அழுத்த வேறுபாடு வேண்டும் என்பது பன்னாட்டு வழிகாட்டு நெறி. ஆனால், ஆபத்தான கிருமியை உயிரோடு கையாளும் அறையிலோ கதை தலைகீழ்: அங்கே காற்று உள்ளே போக வேண்டும், வெளியே வரக் கூடாது. ஆகவே ஒரே கட்டடத்துக்குள் எதிரெதிர்த் திசையில் இழுக்கும் இரண்டு காற்றோட்ட அமைப்புகள் தேவைப்படுகின்றன. பிசிஜி என்பது உயிருள்ள நுண்ணுயிரைக் கொண்ட மருந்து. அதற்கென்றே தனியிடம், தனிக் கருவிகள் வேண்டும். முத்தடுப்பு ஊசியின் ஒரு பகுதியான டெட்டனஸ் தடுப்பு மருந்தைத் தரும் கிருமி, வெப்பத்துக்கும் கிருமிநாசினிக்கும் எளிதில் மசியாத சிதலாக மாறி மூலை முடுக்குகளில் ஒளிந்துகொள்ளக்கூடியது. அதைச் செயலிழக்கச் செய்யும்வரை மற்ற மருந்துகளின் பக்கமே வரவிடக் கூடாது. ஊழியர் நுழையும் வழி, மூலப்பொருள் வரும் வழி, கழிவு போகும் வழி மூன்றும் ஒன்றையொன்று வெட்டிக்கொள்ளக் கூடாது. சுவரும் தரையும் சேரும் இடத்தில் செங்கோணம் இருக்கக் கூடாது. வளைத்துப் பூச வேண்டும், துடைக்கும் துணிக்கு எட்டாத மூலையே இருக்கக் கூடாது என்பதற்காக.

இனி, 1907-ஆம் ஆண்டுக் கட்டடத்தை எண்ணிப் பாருங்கள். குளிர்சாதனப் பெட்டி இல்லாத அக்காலத்தில் மலையின் குளிர்ச்சிதான் முதன்மைக் கருவி. மருந்து கெடாமல் இருப்பதற்குக் குளிர்ந்த இடம் வேண்டும். கசௌலியும் குன்னூரும் மலைமேல் அமைந்ததில் வியப்பில்லை. பெரிய சன்னல்கள், உயர்ந்த கூரை, தாராளமான காற்று ஆகியவையே அன்றைய சுகாதார அறிவியலின் பெருமை. நூறாண்டு கழித்து அதே சன்னல்தான் குற்றச்சாட்டு. கட்டடம் மோசமாகிவிட்டது என்பதைவிட அறிவியல் நகர்ந்துவிட்டது என்று சொல்வதே பொருத்தம். ராபர்ட் மெக்கரிசன் 1918-இல் குன்னூர் பாஸ்டர் நிறுவனத்தின் ஒரே ஓர் அறையில் பெரிபெரி நோய் பற்றிய ஆய்வைத் தொடங்கினார். அந்த ஓர் அறை வளர்ந்து ஊட்டச்சத்து ஆய்வுக்கூடமாகி, 1958-இல் ஹைதராபாதுக்குப் பெயர்ந்து, இன்று தேசிய ஊட்டச்சத்து நிறுவனமாக நிற்கிறது. ஒரே அறையில் எலிக்கூண்டும் எடைக்கருவியும் குறிப்பேடும் போதுமாக இருந்த காலம் அது. இப்போது அதே அறையில் ஒரு நவீனக் காற்று வடிகட்டியைப் பொருத்தவே இடம் போதாது.

எனவே, சிக்கல் ஆய்வறிக்கையில் இல்லை. அதற்குப் பின்னும் முன்னும் கேட்கப்படாமல் போன இரண்டு கேள்விகளில் இருக்கிறது. இந்தக் கட்டடங்கள் ஒரே இரவில் தகுதியிழந்தனவா? இல்லையென்றால், இத்தனை ஆண்டுகளாகப் பராமரிப்புக்கும் விரிவாக்கத்துக்கும் பணம் தராதவர் யார்? இரண்டாவது, புதிதாகக் கட்டி முடிக்கும்வரை வேலை எங்கே நடக்கும்?

இரண்டாவது கேள்விக்கு நம் முன்னோர் எப்போதோ விடை கண்டுவிட்டனர். கோயில் திருப்பணி தொடங்குமுன் பாலாலயம் செய்வார்கள். கருவறையில் கைவைப்பதற்கு முன்பாக, தெய்வ சாந்நித்தியத்தைக் கலசத்துக்கோ அத்திமரப் பலகையில் தீட்டிய உருவத்துக்கோ மாற்றி, வேறோர் இடத்தில் வைத்து நாள்தவறாமல் பூசை நடத்துவார்கள். திருப்பணி ஓராண்டில் முடிந்தாலும் ஐந்தாண்டு இழுத்தாலும் வழிபாடு நிற்பதில்லை. குடமுழுக்கு அன்று தெய்வம் தன்னிடம் திரும்பும். மற்றொன்றையும் கவனிக்க வேண்டும்: பன்னிரண்டு ஆண்டுக்கு ஒருமுறை குடமுழுக்கு என்ற வழக்கமே ஒரு பராமரிப்புக் கால அட்டவணைதான். விமானத்தில் ஆலமரக் கன்று வேரூன்றி அடித்தளம்வரை இறங்கும்முன் யாரேனும் ஏறிப் பார்த்தாக வேண்டும் என்ற ஏற்பாடு அது. பக்தியின் போர்வையில் வந்த பொறியியல் என்று என் மூத்த அதிகாரி ஒருவர் சொல்வார். அவர் கோயிலுக்குப் போகாதவர்.

2008-இல் செய்தது என்ன? பாலாலயம் இல்லாமல் கருவறையைப் பூட்டினோம். பூசையை மற்றவர்களிடமிருந்து விலைகொடுத்து வாங்கிக்கொள்ளலாம் என்று இருந்துவிட்டோம்.

இதை வெறும் உவமை என்று தள்ளிவிட வேண்டாம். பழைய ஆய்வகத்தைப் புதுப்பிக்கும் பணியில் முதல் செலவு, தற்காலிக இடத்துக்கான செலவாகத்தான் இருக்க வேண்டும். மருத்துவ ஆய்வக வடிவமைப்பில் இதை மாற்றிட ஏற்பாடு என்போம். வளாகத்திலேயே புதிய பகுதியை முதலில் எழுப்புவது. அது இயங்கி, அங்கு தயாரான மருந்துத் தொகுதிகள் சோதனைகளில் தேறிய பிறகு பழைய பகுதியை ஒவ்வொரு கூடமாகக் காலிசெய்வது. காலியான கூடத்தை வேறு பணிக்குத் திருத்துவது என்ற வரிசை. புதிய கூடத்தின் முதல் தொகுதியும் பழைய கூடத்தின் கடைசித் தொகுதியும் சில மாதங்களேனும் ஒரே காலத்தில் ஓட வேண்டும். தடுப்பூசி உற்பத்தியில் இது இன்னும் இன்றியமையாதது. ஏனெனில் புதிய கட்டடத்துக்கு உரிமம் பெறுவது சாவி வாங்குவது போன்றதன்று. அடுத்தடுத்த பல தொகுதிகளைச் செய்து காட்டி, ஒன்றுபோல் ஒன்று இருக்கிறது என்று மெய்ப்பித்த பிறகே அனுமதி கிடைக்கும். கட்டுமானம் மூன்று ஆண்டு என்றால், மெய்ப்பிப்பு இன்னும் இரண்டு ஆண்டுகள் பிடிப்பதும் உண்டு.

குன்னூரில் புதிய உற்பத்தி வளாகத்துக்கு நூறு கோடி ரூபாய்க்கும் மேல் பின்னர் ஒதுக்கப்பட்டது, பணிகளும் நடந்தன. கசௌலியில் புதிய தரத்துக்கேற்ற வசதியில் தயாரான டெட்டனஸ், டிப்தீரியா தடுப்பூசி 2021 பிப்ரவரியில் வெளியிடப்பட்டது. உரிமம் நிறுத்தப்பட்டதிலிருந்து கணக்கிட்டால் பதின்மூன்று ஆண்டுகள். 2008-க்குமுன்பே அந்தப் பணியைத் தொடங்கியிருந்தால் மூடவேண்டிய தேவையே வந்திருக்காது என்பது எளிய கணக்கு.

முதல் கேள்விக்கு வருகிறேன். இங்கே என் சொந்தக் கணக்கு ஒன்றையும் ஒப்புவித்தாக வேண்டும்.

பணியில் இருந்த காலத்தில், விடுதலைக்கு முன் கட்டப்பட்ட ஓர் ஆய்வு நிறுவனத்தில் புதிய பகுதி ஒன்றைச் சேர்க்கும் பொறுப்பு எங்கள் பிரிவுக்கு வந்தது. பெயர் வேண்டாம். தேக்கு உத்தரங்களின்மேல் செங்கலைக் குத்தாக அடுக்கிச் சுண்ணாம்புக் காரை போட்ட மெட்ராஸ் டெரஸ் தளம். இரண்டடிக் கனச் சுவர்கள். பார்க்கவே கண்ணுக்கு நிறைவான கட்டடம். நாங்கள் அதற்கு மேற்கே இரண்டு மாடிகள் கட்டினோம். வரைபடம் அழகாக இருந்தது. மதிப்பீட்டுக்குள் முடித்தோம். திறப்பு விழாவில் பொன்னாடையும் கிடைத்தது. ஓராண்டு கழித்து ஓர் ஆய்வாளர் வந்து, பிற்பகலில் காற்று திரும்பினால் தன் அறையில் அமில நெடி வருகிறது என்றார். போய்ப் பார்த்தால், பழைய பகுதியில் அமிலப் புகையை வெளியேற்றும் குழாயின் வாய்க்கு நேரெதிரே, பன்னிரண்டடி தொலைவில், புதிய பகுதிக்குப் புதுக்காற்றை உறிஞ்சும் வாயை வைத்திருக்கிறோம். அந்த வரைபடத்தில் என் கையொப்பமும் உண்டு. பழைய கட்டடத்தை அளந்தோமே தவிர, உள்ளே வேலை செய்பவரிடம் ஒருநாள்கூட உட்கார்ந்து, உங்கள் புகை எங்கே போகிறது என்று கேட்கவில்லை. குழாய்க்கு வழிவிடுவதற்காகத் தளத்தில் ஓர் உத்தரத்தை ஒப்பந்தக்காரர் அறுத்துவிட்டதையும் அப்போதுதான் கண்டுபிடித்தோம். அடுத்த மழையில் அந்த இடம் தொங்கத் தொடங்கியது.

பராமரிப்புப் பணத்தின் கதை இன்னும் எளியது. என் காலத்தில் ஆண்டுப் பராமரிப்புத் தொகையைக் கட்டடத்தின் பரப்பையும் வயதையும் வைத்தே கணக்கிடுவோம். உள்ளே இருப்பது வட்டாட்சியர் அலுவலகமா, கிருமி வளர்க்கும் கூடமா என்பது கணக்கில் வராது. வட்டாட்சியர் அலுவலகத்தில் கூரை ஒழுகினால் கோப்புகளை நகர்த்தி வைக்கலாம். ஆய்வகத்தில் கூரை ஒழுகினால் ஆறுமாத உழைப்பு பூஞ்சைக்குப் போகும். வெள்ளையடிக்கவும் சன்னல் கண்ணாடி மாற்றவும் தொகை வரும். காற்று வடிகட்டி மாற்றுவதற்குத் தலைப்பே இருக்காது. ஆய்வு நிதி தரும் அமைப்புகளும் இதில் குறைந்தவை அல்ல. பல கோடி ரூபாய்க் கருவி வாங்கத் திட்ட நிதி கிடைக்கும். அது நிற்கும் அறையின் மின் இணைப்பைத் திருத்தக் கேட்டால் அது உங்கள் நிறுவனத்தின் பொறுப்பு என்று பதில் வரும். நாட்டின் மொத்த உற்பத்தி மதிப்பில் ஆராய்ச்சிக்குச் செல்வது 0.64 விழுக்காடு என்பதைப் பற்றி நாம் அடிக்கடி கவலைப்படுகிறோம். அந்தச் சிறு தொகைக்குள்ளும் சுவருக்கும் கூரைக்கும் வடிகாலுக்கும் எவ்வளவு என்று யாரும் கேட்பதில்லை. புதிய கட்டடத்துக்கு அடிக்கல் நாட்டலாம், கல்வெட்டில் பெயர் வரும். வடிகட்டி மாற்றியதற்குக் கல்வெட்டு கிடையாது.

புதிதாகக் கட்டிவிட்டால் தீர்ந்துவிடும் என்பவர்களுக்குச் செங்கல்பட்டைக் காட்டலாம். ஒருங்கிணைந்த தடுப்பூசி வளாகம் என்று 2012-இல் 594 கோடி ரூபாய்க்கு ஒப்புதல் அளித்து, நூறு ஏக்கரில் எழுப்பப்பட்டது அது. 2021 மே மாதம், கரோனா இரண்டாம் அலையின் உச்சத்தில், தமிழக முதல்வர் நேரில் சென்று பார்த்து, அதை இயக்க மத்திய அரசைக் கேட்டுக்கொண்டபோதுதான் நம்மில் பலருக்கு அப்படி ஒரு வளாகம் இருப்பதே தெரிந்தது. கட்டடம் இருந்தது, உற்பத்தி இல்லை. பழைய இடத்தில் ஆட்களும் கைப்பழக்கமும் இருந்தன, கட்டடம் சரியில்லை. புதிய இடத்தில் கட்டடம் இருந்தது, கைகள் இல்லை. இரண்டையும் இணைக்கும் பாலம் மட்டும் எந்தத் திட்ட அறிக்கையிலும் இடம்பெறவில்லை.

வெளிநாடுகளில் எல்லாம் சரியாக நடக்கிறது என்று சொல்லப் போவதில்லை. அமெரிக்காவின் பிலடெல்பியாவில் லூயி கான் வடிவமைத்த ரிச்சர்ட்ஸ் மருத்துவ ஆய்வகக் கட்டடம், 1960-ஐ ஒட்டிக் கட்டி முடிக்கப்பட்டபோது உலகக் கட்டடக் கலைஞர்கள் யாத்திரை போய்ப் பார்த்தார்கள். உள்ளே இருந்த ஆய்வாளர்களோ கண்ணைக் கூசும் வெயில் தாங்காமல் சன்னல்களில் தகட்டுத் தாளை ஒட்டிக்கொண்டு வேலை செய்தார்கள். கான் அந்தப் பாடத்தைக் கற்றுக்கொண்டார் என்றே தோன்றுகிறது. அடுத்து கலிபோர்னியாவில், போலியோ தடுப்பூசி தந்த ஜோனாஸ் சால்க்குக்காகக் கட்டிய நிறுவனத்தில், ஒவ்வோர் ஆய்வுத் தளத்துக்கும் மேலே ஆள் நிமிர்ந்து நடக்கும் உயரத்தில், ஏறத்தாழ ஒன்பதடிக்கு, குழாய்களுக்கும் மின்கம்பிகளுக்கும் என்றே ஒரு முழு இடைத்தளத்தை வைத்தார். ஆய்வுக்கூடத்தின் நடுவில் தூண்களே இல்லை. அறுபது ஆண்டுகளில் அறிவியல் எத்தனையோ முறை மாறியும், கீழே வேலை நடந்துகொண்டிருக்கும்போதே மேலே ஏறிக் குழாயை மாற்றிக்கொள்ள முடிகிறது. கடற்காற்றில் கறுத்துப்போன அதன் தேக்குச் சன்னல் சட்டங்களை 2017-இல் முடிந்த புனரமைப்பில் முழுவதும் பிடுங்கி எறியவில்லை. பெரும்பகுதியைப் பழைய மரத்தைக் கொண்டே மீட்டார்கள்.

ரிச்சர்ட்ஸ் கட்டடத்தின் பின்கதையும் நமக்குப் பயன்படும். அது 2009-இல் அந்நாட்டின் தேசிய வரலாற்றுச் சின்னமாக அறிவிக்கப்பட்டது. இடிக்க முடியாது, புகை வெளியேற்றும் கூடங்களும் அமிலத் தொட்டிகளும் அதற்குள் இனி ஒத்துவராது. பல்கலைக்கழகம் செய்தது, ஈரமான ஆய்வுகளை வேறிடத்துக்கு நகர்த்திவிட்டு, கணினியைக் கொண்டு செய்யும் ஆய்வுகளுக்கு அதைத் திருத்தியது. கட்டடத்துக்கு ஏற்ற வேலையைத் தேடிக் கொடுத்தார்கள்.

நாம் கைவிட்டதற்கும் ஓர் எடுத்துக்காட்டு சொல்லாமல் இருக்க முடியவில்லை. கொல்கத்தாவின் பௌபஜார் தெரு 210-ஆம் எண் வளாகத்தில்தான் 1928-இல் சி.வி.ராமன், நம் வத்திராயிருப்புக்காரரான கே.எஸ்.கிருஷ்ணனின் துணையோடு, ஒளிச்சிதறல் விளைவைக் கண்டறிந்தார். அறிவியலுக்காக இந்தியாவுக்குக் கிடைத்த முதல் நோபல் பரிசின் பிறப்பிடம் அது. பிற்பாடு நிறுவனம் இட நெருக்கடியால் ஜாதவ்பூருக்குப் பெயர்ந்தது. அது நியாயமான முடிவே. பழைய முகவரியில் இன்று ஒரு வணிகக் கல்லூரி இயங்குகிறது. அங்கே போய் நின்று, இந்த மூலையில்தான் அந்த நிறமாலை தெரிந்தது என்று ஒரு மாணவனுக்குச் சுட்டிக்காட்ட முடியாது.

குன்னூருக்கும், கிண்டிக்கும், 1899 முதல் அதே கிண்டியில் இருக்கும் கிங் நோய்த்தடுப்பு மருந்து நிறுவனத்துக்கும் இதிலிருந்து கொள்ள வேண்டியது என்ன என்று பார்க்கலாம். நூறாண்டுக் கட்டடத்துக்குள் அழுத்த வேறுபாடு கொண்ட தூய்மை அறைகளைத் திணிக்க முயல்வது வீண். சுண்ணாம்புச் சுவர் மூச்சுவிடும் சுவர். அதன்மேல் எபாக்சி பூச்சை அடித்து மூடினால் உள்ளே தங்கிய ஈரம் பூச்சையே உரித்துத் தள்ளும். மழை ஓயாத நீலகிரியில் இது இன்னும் விரைவாக நடக்கும். உற்பத்திக் கூடம் புதிதாகத்தான் எழ வேண்டும். ஆனால், பழைய கட்டடத்துக்கும் பொருத்தமான பணிகள் ஏராளம்: நோய்ப் பரவல் தரவு ஆய்வு, பயிற்சி வகுப்பு, நூலகம், நூற்றாண்டு கால மருத்துவப் பதிவேடுகளின் காப்பகம். வெறிநாய்க்கடியால் உலகில் நேரும் மரணங்களில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் இந்தியாவில்தான் என்று உலக சுகாதார நிறுவனம் மதிப்பிடும்போது, அந்நோய்க்கென்றே பிறந்த நிறுவனத்தின் பழைய பதிவேடுகள் செல்லரிக்க விடுவதற்குரியவை அல்ல.

மலைப்பகுதியில் விரிவாக்கத்துக்கு வேறொரு வரம்பும் உண்டு. 1993-லும் 2009-லும் நீலகிரியில் மண்சரிந்து உயிர்கள் போனதை மறக்க முடியாது. சரிவை வெட்டித்தான் புதிய கூடம் கட்ட வேண்டும் என்றால், முதலில் கேட்க வேண்டியது, எல்லாவற்றையும் மலையில்தான் வைத்திருக்க வேண்டுமா என்பது. குளிர்ச்சி வேண்டும் என்று 1907-இல் ஏறினோம். இன்று குளிர்சாதனம் செங்கல்பட்டிலும் கிடைக்கும். ஆய்வும் பயிற்சியும் குன்னூரில், பேரளவு உற்பத்தி சமவெளியில் என்று பிரித்துக்கொள்ளலாமா என்பதை, அங்கு பணிபுரிவோரையும் உட்கார வைத்துப் பேசித் தீர்மானிக்கலாம். குன்னூர்க்காரர்களுக்கு இந்த யோசனை கசக்கும் என்பதை அறிவேன்; வேலைவாய்ப்பு பறிபோகும் என்ற அவர்களது அச்சத்துக்குக் காரணமும் உண்டு. எனக்கே இதில் முழுத் தெளிவு வரவில்லை. ஆனால், கேள்வியைக் கேட்காமலே சரிவை வெட்டத் தொடங்குவது சரியன்று.

இவற்றை இப்போது எழுதுவதற்குக் காரணம் இருக்கிறது. மருந்து உற்பத்தி இடங்களின் தரத்தை நிர்ணயிக்கும் 'எம்' அட்டவணையை மத்திய அரசு 2023 டிசம்பர் இறுதியில் முற்றிலும் திருத்தி அறிவித்தது. இருமல் மருந்துகளால் வெளிநாட்டுக் குழந்தைகள் இறந்ததாக எழுந்த புகார்களுக்குப் பிறகு வந்த திருத்தம் அது, தேவையானதும்கூட. சிறு, நடுத்தர நிறுவனங்கள் கட்டடத்தை மாற்ற அவகாசம் கேட்டன, அவகாசம் நீட்டிக்கப்பட்டது. அதில் எனக்குக் குறையில்லை. கட்டடம் ஓர் ஆணையால் மாறிவிடாது என்பதை அரசு ஒப்புக்கொண்டதற்கு அது அடையாளம். அதே பொறுமை 2008-இல் தன் சொந்த நிறுவனங்களின்மேல் ஏன் அரசுக்கு இல்லாமல் போயிற்று? தனியார் நிறுவனம் கட்டட மாற்றத்துக்குக் கடன் வாங்கலாம், பங்கு விற்கலாம். அரசு ஆய்வகத்துக்கு இருக்கும் ஒரே வழி கோப்பு. அந்தக் கோப்பு டில்லிக்குப் போய்த் திரும்புவதற்குள் தரவிதி அடுத்த படிக்கு ஏறிவிடுகிறது.

தரவிதிகள் இனியும் ஏறும்; ஏற வேண்டும். அடுத்த ஆய்வுக் குழு வந்து குறை சொல்லும்வரை காத்திராமல், நாட்டின் ஒவ்வொரு பழைய அரசு ஆய்வகத்திலும் கூரை, காற்றோட்டம், மின்சாரம், வடிகால் இவற்றின் நிலையை ஐந்தாண்டுக்கு ஒருமுறை வெளியாள் ஒருவர் ஆராய்ந்து அறிக்கையைப் பொதுவில் வைக்க வேண்டும். கட்டுமானச் செலவில் ஒரு பங்கை ஆண்டுதோறும் பராமரிப்புக்கென்றே, வேறெதற்கும் திருப்ப முடியாதபடி, ஒதுக்க வேண்டும். எந்தப் புனரமைப்புத் திட்ட அறிக்கையிலும், இடைக்காலத்தில் வேலை எங்கே நடக்கும் என்ற அத்தியாயம் இல்லாவிட்டால் நிர்வாக ஒப்புதல் தரக் கூடாது. நிதித்துறையில் இருந்த நண்பர் ஒருவரிடம் இந்தக் கடைசி யோசனையைச் சொன்னேன். "ஒரே வேலைக்கு இரண்டு கட்டடமா? தணிக்கை கேட்காதா?" என்றார். கோயிலில் பாலாலயத்துக்குக் கணக்கு எழுதுகிறார்களே, அதைத் தணிக்கை கேட்கிறதா என்றேன். சிரித்தார்; பதில் சொல்லவில்லை.

சென்ற முறை குன்னூர் போனபோது சிம்ஸ் பூங்கா வாசலில் ஒரு தந்தை, நாய் கடித்த மகளைத் தூக்கிக்கொண்டு ஆட்டோ தேடிக்கொண்டிருந்தார். அவளுக்கு இப்போது தொப்புளைச் சுற்றி ஊசியில்லை; ஆட்டு மூளையிலிருந்து எடுத்த அந்தப் பழைய மருந்து இருபது ஆண்டுகளுக்குமுன்பே நிறுத்தப்பட்டுவிட்டது. கையில் நான்கைந்து ஊசிகளோடு முடிந்துவிடும். ஆட்டோ ஏறும்போது, "ஊசி இருக்குமில்ல?" என்று அந்தத் தந்தை ஓட்டுநரிடம் இரண்டு முறை கேட்டார்.